மீனின் வயிற்றில் மஞ்சள் முடிச்சு

காத்திவாக்கம் கரையில் ஜூடி கட்டிக்கொண்டிருந்த மீன் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. கடல் ஒதுக்கிய பாட்டில் மூடிகள் செதிலாயின, அறுந்த செருப்புகள் துடுப்பாயின. வயிறுதான் காலி. அதற்குப் பழைய வலை கேட்டுப் புருஷன் கஸ்பாரை ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கிழிஞ்ச வலையா? அத அப்பவே கடல்ல வுட்டுட்டேன். கலீஜ யாரு வூட்டுக்குத் தூக்கிகினு வருவா?” என்று சிரித்தான் கஸ்பார். அவனை மட்டும் சொல்லி என்ன? கிழிந்ததைக் கடலிலேயே கழற்றிவிட்டு வருவது அந்தக் கரையில் எல்லோருக்கும் பழக்கம்.

மறுநாள் விடிகிற நேரம். கஸ்பாரும் கூட்டாளி தவசிமுத்துவும் மீனோடு திரும்பினார்கள். துறைமுகத்துக்குக் கப்பல் போகும் பாதையில் படகின் என்ஜின் ஒருமுறை முக்கிவிட்டு நின்றுபோனது.

“மாமு, அங்க பாரு! கப்பலு!” என்று கத்தினான் தவசிமுத்து.

பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு சரக்குக் கப்பல் நேராக வந்தது. அவ்வளவு பெரிய கப்பலைச் சட்டென்று நிறுத்த யாராலும் முடியாது. கஸ்பார் என்ஜினைத் தூக்கிப் பார்த்தான். புரொப்பல்லரில் ஏதோ வலை இறுகச் சுற்றியிருந்தது. கத்தி எடுத்து அறுத்தான். ஈர நைலான் வழுக்கியது. கப்பலின் சங்கு காதைப் பிளந்தது. தவசிமுத்து துடுப்பு வலித்தபடியே அழ ஆரம்பித்தான்.

வலை கையோடு வந்தபோதுதான் கஸ்பார் பார்த்தான். நீல வலை, நடுவில் மஞ்சள் முடிச்சுகள். நீல நூல் தீர்ந்துபோன அன்று அவனே மஞ்சளில் போட்ட ஒட்டு அது. என்ஜினை இறக்கிக் கயிற்றை இழுத்தான்; மூன்றாவது இழுப்பில் அது உயிர் பிடித்தது. படகு விலகிய மறுகணம் கப்பல் கடந்தது. அது கிளப்பிய அலையில் பிடித்திருந்த மீனில் பாதி கடலுக்கே போனது.

வீட்டில் அந்த வலையை ஜூடியின் காலடியில் போட்டான்.

“இன்னாய்யா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கீது?”

“நம்ம வலைதான் ஜூடி. என்னியே முழுங்கப் பாத்துச்சு. இத உள்ள வெச்சித் தை.”

ஞாயிற்றுக்கிழமை, படகுகள் புறப்படும் இடத்தில் மீனை நிறுத்தினார்கள். யார் செய்தது என்று கூட்டம் கேட்டது.

“மீனு என் பொஞ்சாதி செஞ்சது. வயித்துல கீறது நான் போட்டது,” என்றான் கஸ்பார். “கிழிஞ்ச வலையக் கரைக்குக் கொண்டாந்துடுங்கப்பா. கடல்ல வுட்டா அது எங்கயும் போவாது. நம்மளத் தேடிகினு வரும்.”