இடது காதும் இரண்டு நிபுணர்களும்

1.

இந்தக் கதை தக்சாயினியிடமிருந்து வந்தது. முழுதாக வரவில்லை, பாதிதான் வந்தது. ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் அவளை, ஐந்து ஆண்டுகளுக்கு ‘ஷோஃபின்’ ஆகத் தெரிவுசெய்திருக்கிறார்கள். அதாவது சட்டம் படிக்காமலே நீதிபதிக்குப் பக்கத்தில் அமர்ந்து, தீர்ப்பில் அவருக்குச் சமமாக வாக்களிக்கும் சாதாரண மனுஷி.

“வழக்கு மண்டபத்தில நடந்தது முழுக்கச் சொல்லலாம் அண்ணை. அது எல்லாருக்கும் திறந்ததுதானே. கதவைச் சாத்திப்போட்டு நாங்கள் மூண்டு பேரும் கதைச்சது மட்டும் சொல்ல ஏலாது. சத்தியம் பண்ணியிருக்கிறன்.”

“கதைக்கு அதுதானே வேணும்?”

“அப்ப பொய்யை எழுதுங்கோ. உங்களுக்குப் புதுசே?”

2.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘பன்னிரண்டு ஜூரிகளும் வியர்வையைத் துடைத்தபடி ஒருவரையொருவர்—’

வாசித்துக் காட்டியபோது அவள் சிரித்த சிரிப்பில் வாக்கியம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

“பன்னிரண்டு பேரோ? படம் பாத்து எழுதுறியளோ? இஞ்ச ஜூரி இல்லை அண்ணை. ஒரு நீதிபதி, என்னைப்போல ரெண்டு ஷோஃபன். மூண்டு பேரில ரெண்டு பேர் குற்றவாளி எண்டால் விசயம் முடிஞ்சுது.”

பன்னிரண்டு பேர் என்றால் பிழையைப் பங்குபோடலாம். மூன்று பேருக்குள் ஒளிய இடமில்லை.

3.

வழக்கு இதுதான். பொதி விநியோகிக்கும் வான் ஓட்டுகிற பிருந்தன் என்ற இளைஞன், ஒரு பெட்ரோல் நிலையத்தில் கத்தியைக் காட்டிக் காசாளரை மிரட்டினான் என்பது குற்றச்சாட்டு. வீட்டில் நித்திரை கொண்டேன் என்கிறான் அவன். காசாளருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. கண்காணிப்புக் கமராவில் ஒரு தொப்பி, ஒரு முகக்கவசம், இரண்டுக்கும் இடையில் ஓர் இடது காது. அந்தக் காது அவனுடையது என்றால் சில ஆண்டுகள் சிறை. இல்லையென்றால் வீடு.

தொடக்கத்திலேயே நீதிபதி லிண்டமன் அம்மையார் தக்சாயினியிடம் கேட்டார்: குற்றம் சாட்டப்பட்டவரைத் தெரியுமா? தெரியாது என்றாள். உண்மைதான். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஊர் எது, யாருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் அதற்குப் பிறகு உலகத்தில் தெரியாதவர் என்று எவரும் மிஞ்சமாட்டார். ஆகவே அவள் கேட்கவில்லை. ஒரு தமிழரைச் சந்தித்தும் ஊர் கேட்காமல் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்றாள்.

அரசுத் தரப்பு நிபுணர் ஒரு பேராசிரியர். இரண்டு கலாநிதிப் பட்டங்கள். இரண்டையும் எழுத்தர் வாசித்து முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை. காதைத் திரையில் பெருப்பித்தார். இன்னும் பெருப்பித்தார். அது ஏதோ ஒரு தீவின் வரைபடம்போல ஆனபோது குச்சியால் அதன் மேடுகளையும் பள்ளங்களையும் சுற்றிக் காட்டிவிட்டுச் சொன்னார்: இது பிருந்தனின் காது என்பது, நிச்சயத்தின் எல்லையைத் தொடும் நிகழ்தகவு.*

(* எல்லையைத் தொடுவதும் கடப்பதும் ஒன்றல்ல. அகதியாக வந்த எவரைக் கேட்டாலும் சொல்லுவார்.)

எதிர்த்தரப்பு நிபுணர் ஒரு பெண்மணி. பட்டம் ஒன்றுதான், மிச்சத்தைக் குரலில் ஈடுகட்டினார். “இந்தப் படத்தில் காதே இல்லை. காதின் நிறத்தில் சில சதுரங்கள் இருக்கின்றன.” ஒன்றும் தெரியாது என்பதை இவ்வளவு தெரிந்தவராக ஒருவர் சொல்லி அந்த மண்டபம் கேட்டதில்லை.

பேராசிரியர் இதுவரை எத்தனை தடவை பிழைவிட்டிருக்கிறார் என்று பிருந்தனின் வழக்கறிஞர் கேட்டார்.

“எனக்கு யாரும் அறிவிக்கவில்லை.”

4.

இடைவேளையில் கோப்பி இயந்திரத்தடியில், மற்ற ஷோஃபனான பொல்மன் மிகுந்த பணிவோடு தக்சாயினியை நெருங்கினார். குளியலறை ஓடு விற்று ஓய்வுபெற்றவர். உங்கள் நாட்டவர்களின் காதுகள் பொதுவாக ஒரே மாதிரியா, உங்களுக்குத் தெரிந்திருக்குமே, என்றார்.

இப்படித்தான் வழக்கில் மூன்றாவது நிபுணர் நியமிக்கப்பட்டார்.

“எனக்கு என்ர மனுசன்ர காதே ஞாபகம் இல்லை அண்ணை. அண்டைக்கு வீட்டை போய் முதல் வேலையா அதைத்தான் பாத்தன். என்னடி பாக்கிறாய் எண்டார். ஒண்டுமில்லை, திரும்புங்கோ எண்டன்.”

நடைபாதையின் அந்தப் பக்கத்து வாங்கிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். பிருந்தனின் தாய் கமலாம்பிகை.

“பிள்ளை, வழக்கைப் பற்றி ஒண்டும் கேட்கேல்லை. தேத்தண்ணி கொண்டந்தனான். காலமையிலயிருந்து நீங்கள் ஒண்டும் குடிக்கேல்லை, பாத்துக்கொண்டிருந்தனான்.”

தக்சாயினி ஜெர்மன் மொழியில் பதில் சொன்னாள்: உங்களோடு பேச எனக்கு அனுமதியில்லை.

அதை நீதிபதியிடம் அறிவித்தாள். அவர் சபையில் சொன்னார். இரு தரப்பும் ஆட்சேபம் இல்லை என்றன. எல்லாம் ஒழுங்கு.

“ஒழுங்குதான்,” என்றாள் என்னிடம். “தமிழிலயே சொல்லியிருக்கலாம். அந்த மனிசி தேத்தண்ணிப் போத்தலைத் திருப்பி மூடின மாதிரி…”

(மிச்சத்தை நானும் இட்டுநிரப்பவில்லை.)

5.

நீங்கள் கேட்பீர்கள்: பிருந்தனை எழுதுகிறவன் நீதானே, அவன் செய்தானா இல்லையா என்று உனக்குத் தெரியாதா?

அவன் செய்ததாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கத்தியில் விளக்கொளி, தொப்பிக்குள் வியர்வை, காசாளரின் கையில் பாதி கடித்த பாண். அருமையாக வந்தது. அவன் வீட்டில் நித்திரை கொண்டதாக இன்னொரு பக்கம். ஜன்னலில் மழை, தலையணைக்குக் கீழே அழுந்திய அதே இடது காது. அதுவும் அருமையாக வந்தது. இரண்டையும் வாசித்த மனைவி இரண்டையும் நம்பினாள்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். நன்றாகச் சொல்லத் தெரிந்தவன் பக்கமே உண்மையும் நிற்கும் என்று நம்பித்தானே இவ்வளவு காலமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேராசிரியரின் குச்சிக்கும் என் பேனாவுக்கும் என்ன வித்தியாசம்?

6.

தீர்ப்பு பகிரங்கமாக வாசிக்கப்பட்டது. எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் ஒரு நிபுணர் வென்றதாகிவிடும். காது யாருடையது என்பது அப்போதும் தெரியாது. சாத்திய கதவுக்குள் உங்களை விடுகிறேன். அங்கே என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் எப்படி நடக்கவேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, யாரும் வாசிக்கலாம்.

வாக்களிப்பில் ஷோஃபன்கள் முதலில், நீதிபதி கடைசியில். ஷோஃபன்களுக்குள் இளையவர் முதலில். எங்கள் சங்கக் கூட்டங்களில் மூத்தவர் பேசுவார், இளையவர் கதிரை அடுக்குவார். அபிப்பிராயம் கேட்டால் மூத்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். இங்கே அதற்குத்தான் தடை.

தக்சாயினியின் கதிரையில் இப்போது நீங்கள்; பொல்மனைவிட இளையவர், முதல் வாக்கு உங்களுடையது. சந்தேகம் இருந்தால் விடுதலை என்கிறது சட்டம். எவ்வளவு சந்தேகம் என்று சொல்லவில்லை. வாக்களிக்காமல் இருக்க முடியாது. பொல்மன் தன் குறிப்புகளைக் கையால் மறைத்திருக்கிறார். உங்களுக்கு உதவிவிடக் கூடாதே என்று லிண்டமன் அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பிருந்தன் கீழே ஒரு அறையில் காத்திருக்கிறான்.

தொண்டையைச் செருமிக்கொள்ளலாம். பிறகு சொல்லுங்கள்.

என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.