பன்னிரண்டாவது மோட்டார்

அண்ணிக்கு முதல் எரிச்சலே அந்தப் பெயரில்தான். ஒன்பது வருஷமாக மோட்டார் லைனில் போல்ட் முறுக்குகிறவள். எல்லோரும் மரியாதையாக "அக்கா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷனின் தங்கை வேலைக்கு வந்து வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்க, ஒரே மாதத்தில் சூப்பர்வைசர் முதல் தரை கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவள்தான், யாரைப் போய் நொந்துகொள்வது?

இப்போது புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டுமாம். நாள் பூரா நின்று இடுப்பொடிய வேண்டாம், நீலக் கோட்டு வேறு. அண்ணி மனசுக்குள் அந்தக் கோட்டைப் போட்டுப் பொத்தானும் மாட்டிவிட்டாள். சூப்பர்வைசரோ, "நீங்க, இல்லன்னா உங்க நாத்தனார். வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார்.

நேற்று வந்தவளும் இவளும் ஒன்றா? வீட்டில் புருஷன், "யாருக்குக் கிடைச்சா என்ன, நம்ம குடும்பத்துக்குத்தானே" என்று சொல்லிவைத்தான். அன்று அவன் சாப்பாட்டில் உப்பு விழவில்லை.

வியாழக்கிழமை டீ நேரம். லைனில் ஈ காக்கை இல்லை. நாத்தனார் முடித்த மோட்டார்கள் தள்ளுவண்டியில் வரிசையாக இருந்தன. மூடிக்கு நாலு போல்ட். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச், போதுமான அளவு வந்து 'டக்' என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு போல்ட் தலையிலிருந்து மூடி வரை மஞ்சள் மையில் ஒரு கோடு. அப்புறம் போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு போல்ட்டாவது லூசாக இருக்காதா என்று அண்ணி தன் ரெஞ்ச்சைப் போட்டுப் பார்த்தாள். அசையாமல் 'டக்'. அடுத்ததும் 'டக்'. பதினொரு மோட்டாரிலும் ஒரு குறை கிடையாது. இப்படிச் செய்து தொலைத்தால் மனுஷிக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? பன்னிரண்டாவதில் 'டக்' கேட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மொத்த உடம்பையும் சாய்த்தாள். போல்ட் திரும்பியது, கோடு இரண்டானது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி போய் டீ குடித்தாள்.

திரும்பி வந்த நாத்தனார் கண்ணில் அது உடனே பட்டது. கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுசாக இழுப்பாள், கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கலாம் என்று அண்ணி ஓரக்கண்ணால் காத்திருந்தாள். எல்லோரும் செய்வதுதானே, அண்ணியே எத்தனை தடவை செய்திருக்கிறாள். அந்தப் பெண் துடைக்கவில்லை. பழுதான பீஸுக்கு ஒட்டும் சிவப்புச் சீட்டை ஒட்டி, தானே சூப்பர்வைசரிடம் தள்ளிக்கொண்டு போனாள்.

"சார், இது என் பீஸ். அதிகமா முறுக்கியிருக்கு. எப்படின்னு தெரியல, மத்ததையும் செக் பண்ணிடலாம்."

வெள்ளிக்கிழமை நீலக் கோட்டு நாத்தனாருக்குப் போனது. அண்ணியால் பொறுக்க முடியவில்லை. நேரே சூப்பர்வைசர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"நேத்துதான் ஒரு பீஸைக் கெடுத்தா. இந்த ஒம்பது வருஷத்துல என் பேர்ல ஒரு சிவப்புச் சீட்டு உண்டா சார்?"

"இல்லம்மா. நேத்து அவ சீட்டைப் பார்த்தப்பதான் உங்க ஞாபகம் வந்துச்சு" என்றார் அவர். "ஒம்பது வருஷமா ஒரு தப்புகூட நடக்கலையா, இல்ல ஒண்ணைக்கூட எங்கிட்ட சொல்லலையா?"

அண்ணி நேற்று அந்தப் பன்னிரண்டாவது மோட்டாரை மட்டும் தொடாமல் இருந்திருந்தால், இந்தக் கேள்வி இவருக்குத் தோன்றியே இருக்காது.