முன்னுக்கு ஆறு, பின்னுக்கு நாலு

யோகராஜும் கிருஷாந்தியும் வாரத்தில் ஒரு நாள்தான் பேசிக்கொண்டார்கள். அது வியாழக்கிழமை. மற்ற நாட்களில் வாயைத் திறக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. அரிசி முடிந்துவிட்டது, பைப்பில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் பேச்சு என்றால் பேசினார்கள்தான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை. சண்டைக்கு வேண்டிய அளவு வார்த்தைகூட அந்த வீட்டில் புழங்கவில்லை.

கிருஷாந்தி தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் பள்ளிப் படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் தட்டு ஒன்று விலகி நரம்பை அழுத்தியது. அன்றிலிருந்து வாராவாரம் வியாழக்கிழமை பேராதனை ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பயிற்சி சிகிச்சை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கம்பளை வருவதற்குள் இடது கால் மரத்துப்போகும். ஆகவே யோகராஜ் தன்னுடைய பழைய ஸ்டார்லெட் காரில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கண்டி மாநகர சபையில் தன் வேலைக்குப் போவான். பின்னேரம் சோர்ட் லீவு போட்டு, முந்திப் புறப்பட்டு அவளைக் கூட்டி வருவான்.

புசல்லாவையிலிருந்து பேராதனைக்கு ஒன்றேகால் மணித்தியாலம். காருக்குள் இருவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. ரோட்டைப் பார்த்தால் போதும். அதனால்தானோ என்னவோ, பேச்சு வந்தது. ஒருமுறை கெலிஓயாவைக் கடக்கும்போது கிருஷாந்தி சொன்னாள்: "புள்ள இல்லன்னு எனக்குக் கவல இல்லங்க. உங்களுக்கு இருக்குமோன்னுதான் கவல." அவன் கியரை மாற்றினான். பேராதனைப் பாலம் வந்த பிறகு, "எனக்கும் இல்ல" என்றான். அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவனுக்கு மனசு லேசாக இருந்தது.

அதே காருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இருபது வயதிலிருந்து யோகராஜுக்குப் பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் ஆசை. தாழ்நாட்டில் இருக்கும் தடமொன்றில் ஏற்கெனவே இரண்டு முறை ஓடியிருக்கிறான். இரண்டு முறையும் வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேரத்தைத் தின்றுவிட்டது. சிறிய எஞ்சின் பிரிவில் அந்த வருடத்துக்கு ஆறு பேரைத்தான் பந்தயச் சங்கம் எடுக்கும். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய திங்கட்கிழமை அவன் கண்டியில் தன் கூட்டாளி ஷிராஸின் கராஜுக்குப் போனான்.

ஷிராஸ் ஜப்பானிலிருந்து வந்த, ஏற்கெனவே பாவித்த கொய்லோவர் ஒரு செட்டை அவனுக்காக எடுத்து வைத்திருந்தான். குலுக்கலை அடக்கும் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே உடம்பாக இருக்கும் சாமான் அது. கீழே இருக்கும் வளையத்தைத் திருகினால் கார் உயரும், தாழும். ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி வேறு போடலாம். ஒரு மில்லிமீற்றர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான் ஸ்பிரிங்கின் கணக்கு; கிலோ கூடக்கூட ஸ்பிரிங் இறுக்கம். மேசையில் இரண்டு செட் ஸ்பிரிங் கிடந்தது. ஒன்று முன்னுக்கு எட்டு, பின்னுக்கு ஆறு. மற்றது நாலும் மூன்றும்.

"இது தடத்துக்கு. இது ரோட்டுக்கு. எது வேணும்? சொல்லுங்க" என்றான் ஷிராஸ்.

"ரெண்டுக்கும் நடுவுல இல்லையா?"

"அதுவும் ஈக்கி. முன்னுக்கு ஆறு, பின்னுக்கு நாலு. ஆனா மச்சான், நடுவுல நிக்கிறவனுக்குத்தான் ரெண்டு பக்கத்தாலயும் அடி விழும்."

"அவ முதுகு தாங்கணும் ஷிராஸ். தடத்துலயும் ஓடணும்."

"அப்ப ரெண்டு கார் வாங்குங்க."

யோகராஜ் சிரிக்கவில்லை. ஷிராஸ் தோளைக் குலுக்கிவிட்டு ஆறையும் நாலையும் எடுத்து வந்தான்.

மாட்டி முடித்ததும் உயரம் பார்க்க வேண்டும். ஆள் ஏறினால் கார் எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க அந்தக் கராஜில் ஒரு வழக்கம் உண்டு: ஐம்பது கிலோ கோதுமை மா மூட்டையைத் தூக்கி முன் சீட்டில் வைப்பார்கள். கிருஷாந்தியின் நிறையும் ஏறக்குறைய அதுதான். ஷிராஸ் மூட்டைக்குப் பெல்ட்டும் போட்டுவிட்டான். கராஜைச் சுற்றி ஒரு நடை ஓடிப் பார்த்தார்கள். கார் குலுங்காமல் ரோட்டைப் பிடித்தது.

"பாத்தியா, எவ்வளவு நல்லா போகுது!" என்றான் யோகராஜ்.

"மா மூட்டைக்கு முதுகு நோகாது மச்சான்" என்றான் ஷிராஸ். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னான்: "பகிடி இல்ல, இதக் கேளுங்க. தடத்துக்குன்னு கீழ எறக்கி வெச்சிருக்கேன். தோட்டத்து ரோட்டுக்கு இது சரிவராது. குழியில விழுந்தா ஸ்பிரிங் முழுசா அமுங்கி அடியில உள்ள றப்பர்ல போய் இடிக்கும். அந்த இடி, எட்டுக் கிலோ ஸ்பிரிங்க விட மோசம். தோட்டத்துக்கு மேல போக முந்தி கார மூணு சென்ரிமீற்றர் தூக்கிருங்க."

"தூக்கினா வீல் நேரா நிக்குதான்னு மறுபடி பாக்கணுமே?"

"ஓ. ஒவ்வொரு முறையும் பாக்கணும். அரை நாள் போகும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள்தான் இருந்தது. தூக்கி, மறுபடி இறக்கி, மறுபடி நேர் பார்த்து... ஒரு வியாழக்கிழமைதானே என்று யோகராஜ் நினைத்தான். மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம். காரை உயர்த்தாமல் அப்படியே தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை காலை கிருஷாந்தி காரில் ஏறும்போதே, "பதிஞ்சு போயிருக்கே" என்றாள். தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்று கிலோமீற்றர் இறக்கம். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தைத் தாண்டியதும் முதல் குழி. அவன் நடை வேகத்தில்தான் இறக்கினான். ஆனாலும் அடியிலிருந்து ஓர் இடி வந்தது. சுத்தியலால் அடித்தது போல் ஒரே ஒரு சத்தம். அடுத்த குழியில் இன்னொன்று. கிருஷாந்தி கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்லங்க. நல்லாத்தான் இருக்கு. முந்தியெல்லாம் ஆடும். இப்ப ஆடல."

அது உண்மை. கார் ஆடவில்லை. அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவளுடைய வலது உள்ளங்கை சீட்டில் ஊன்றியிருந்தது. குழி வரும்போதெல்லாம் உடம்பைச் சீட்டிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிக்கொண்டாள். குழி தாண்டியதும் மெல்ல இறக்கினாள். மூச்சையும் அப்படியே பிடித்து விட்டாள். இதையெல்லாம் அவன் பார்த்தான். பார்த்த பிறகும், நல்லாத்தான் இருக்கு என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமையிலிருந்து அவனுக்கு வேண்டியிருந்த பதில் அது. வேண்டிய பதில் கிடைத்த பிறகு அவன் மறுபடி கேட்கவில்லை.

பெரிய ரோட்டில் இடி குறைந்தது. கம்பளை வந்தது, போனது. கெலிஓயா வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. பேராதனையில் இறங்கும்போது இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் குனிந்தபடி நின்றாள். பிறகு நிமிர்ந்து, "ஞாயித்துக்கெழம பாத்து ஓட்டுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் முந்தியளவு சாயவில்லை. ஆனால் சாய்ந்தது. நீண்ட இடது வளைவில் முன்பக்கம் முழுதாக அமுங்கி, அதே றப்பரில் போய் உட்கார்ந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போனது. எட்டுக் கிலோ ஸ்பிரிங் போட்டு வந்த பையன்கள் அந்த இடத்தில் அவனை ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அவன் ஒன்பதாவதாக வந்தான். ஆறாவது ஆளுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சுற்றுக்கு ஒன்றரை செக்கன். தெரிவான ஆறு பேரின் பெயர்களை வாசித்தபோது அவன் டயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்த வியாழக்கிழமை அவன் எழும்புவதற்குள் கிருஷாந்தி பையோடு வாசலில் நின்றாள்.

"நான் பஸ்ல போறேங்க. நீங்க ஏன் சோர்ட் லீவ வீணாக்கணும்?"

"பஸ்ல கால் மரத்துப்போகுமே."

"உக்காந்தாத்தானே? நின்னுக்கிட்டே போனா ஒண்ணுஞ் செய்யாது. டொக்டரும் நிக்கச் சொல்லியிருக்காரு."

ஒன்றேகால் மணித்தியாலம், அந்த வளைவுகளில், நின்றுகொண்டு. அவன் கார்ச் சாவியை எடுக்கப் போனான். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை ஷிராஸ் ஒன்றும் கேட்காமல் பழைய ஷொக்கையும் ஸ்பிரிங்கையும் எடுத்து மாட்டினான். கடைசி நட்டை முறுக்கும்போது மட்டும், "அவங்கள ஒரு நாள் கூட்டிட்டு வந்திருக்கலாமே மச்சான்" என்றான். கார் மறுபடி உயர்ந்து நின்றது. தோட்டத்து ரோட்டில் ஏறும்போது முன்னைப்போல ஆடியது. எந்தக் குழியிலும் இடிக்கவில்லை.

"பழசையே போட்டுட்டேன். இனி இடிக்காது. வியாழக்கெழம கார்லயே போவோம்" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

கிருஷாந்தி முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடதாசியில் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். "ஐயோ, எதுக்குங்க கழட்டுனீங்க? எனக்கு அது ஒண்ணும் வலிக்கலயே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "பஸ்ஸே போதுங்க. நின்னுக்கிட்டுப் போனா நல்லாத்தான் இருக்கு."

அது உண்மையா என்று அவனால் கேட்க முடியவில்லை. கேட்டாலும், வரும் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று வலிக்கிறது என்று அவள் சொல்லியிருந்தால்கூட, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு காரைத் தூக்கலாம் என்றுதான் அவன் சொல்லியிருப்பான். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். அவள் பூவை விரித்துப் பார்த்துவிட்டு அடுத்த தாளை மடித்தாள்.

வியாழக்கிழமை அவன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டான். கம்பளைக்கு இந்தப் பக்கம் கண்டி பஸ் முன்னால் போனது. பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாகக் கிருஷாந்தி தெரிந்தாள். மேல் கம்பியை ஒரு கையால் பிடித்து நின்றாள். பக்கத்துச் சீட்டில் மடியில் பிள்ளையோடு ஒரு பெண். கிருஷாந்தி அந்தப் பெண்ணைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எழும்பி இடம் கொடுக்கப் பார்த்தாள். கிருஷாந்தி அவள் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தாள். நீளமாக ஏதோ. வளைவில் பஸ் சாயும்போது மட்டும் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள்.

கெலிஓயாவுக்கு முன் ரோட்டு நேராக வந்தது. எதிரில் வாகனம் இல்லை. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. யோகராஜ் முந்தவில்லை. பேராதனை வரைக்கும் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனான்.