காற்றோடு வந்த கன்று

செவ்வாய்க்கிழமை எனக்கு அகதி விசாரணை. அதுவரைக்கும் சிவப்பு விளக்கில் தெருவைக்கூடக் கடப்பதில்லை என்று இருந்தேன். "இப்பிடி அறைக்குள்ளை அடைஞ்சு கிடந்தால் விசாரணைக்கு முதலே உங்களுக்கு விசர் பிடிச்சிடும்" என்று ஏசி, ஞாயிறு பூசை முடிந்த கையோடு நாங்கள் வசிக்கும் லா சப்பலில் இருந்து என்னை ரயிலேற்றினாள் என் மனைவி அற்புதராணி.

ஒரு மணித்தியாலப் பயணம். இறங்கி நடந்தால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் முழங்காலளவுப் பற்றை, முழுக்க ஊதாப் பூ. பாதுகாக்கப்பட்ட இடம், எதையும் பிடுங்கக்கூடாது என்று வாசலில் பலகை. இரண்டு தரம் வாசித்து அவளுக்குச் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் மன்னார்க்காரி பற்றைக்குள் வெறுங்கையோடு நடப்பாளா? நான் சப்பாத்து நாடாவைக் கட்டி நிமிர்வதற்குள் ஒரு மரக்கன்றை வேரோடு பிடுங்கி, பாம்பை விரட்டத் தரையில் தட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

எதிரே பச்சைச் சீருடையில் காவலாளி.

இவர் எழுதுவார், பொலிசுக்குப் போகும், என் கோப்பில் ஏறும். ஆனாலும் பாய்ந்துபோய்க் கன்றைப் பறித்து, நான்தான் பிடுங்கினேன் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததே பத்துப் பிரெஞ்சுச் சொல். அதை வைத்துக்கொண்டு, இல்லை, நான், நான் என்று கன்றைத் திருப்பி இழுத்தாள். சண்டைக்காரி. அந்தப் பயத்திலும் அவள்மேல் எனக்கு அன்பு பொங்கியது.

காவலாளி சிரித்துவிட்டார். நீளமாக ஏதோ விளக்கினார்.

"என்னவாம்?"

"பிடுங்கினது நல்லதாம். இஞ்சை பூப்பற்றையைத்தான் பாதுகாக்கினமாம். இது காத்திலை விதை வந்து முளைக்கிறதாம். விட்டால் எல்லாத்தையும் மூடிப்போடுமாம். கண்ட இடத்திலை பிடுங்கி எறியிறதுதான் அவையின்ரை வேலையாம்."

போன உயிர் திரும்பி வந்ததில் நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"காத்து கொண்டுவந்து போட்டதுக்கு இது என்ன செய்யும்? கொண்டு போகலாமோ எண்டு கேளுங்கோ."

"உமக்கென்ன விசரே?"

"கேளுங்கோ."

கேட்டேன். தாராளமாக என்றார் காவலாளி.

ரயிலில் வழி முழுக்க, வேரில் ஈரக் கைலேஞ்சி சுற்றி அதை மடியில் வைத்திருந்தாள். அறைக்கு வந்ததும் பால்மா டின்னில் நட்டு ஜன்னலில் வைத்தாள்.

செவ்வாய் காலை கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன்.

"பயமாக் கிடக்கு, ராணி."

அவள் டின்னுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வேர் நல்லாய்க் கிடக்கு. பிழைச்சிடும். நீங்கள் போயிட்டு வாங்கோ."