பீப்பாய் வைத்த மணல் மூட்டைகள்

படகுத்துறையில் அவளுக்கு ஊசி என்று பேர். உடம்பு ஒல்லி என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அவளோடு ஒரு தடவை வாய் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவள் கணவனுக்குப் பீப்பாய் என்று பேர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, ஆளைப் பார்த்தாலே போதும்.

போன மழைக்காலத்துக்கு முந்தி, பழுது பார்த்த எஞ்சினைத் தனியாளாகத் தூக்கிப் படகில் மாட்டப்போய் பீப்பாயின் முதுகு போயிற்று. இனிமேல் படகு ஓட்டுவதை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எஞ்சின் கைப்பிடி ஊசியின் கையில். அக்கரைக்கு ஆட்களையும் காய்கறிக் கூடைகளையும் அவள்தான் ஏற்றிப் போகிறாள். அன்றிலிருந்துதான் படகும் நொண்ட ஆரம்பித்தது. கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கினாலும் எஞ்சின் தொண்டை கிழியக் கத்துமே தவிர வேகம் வராது. மூக்கைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு, சேற்றில் இறங்கிய எருமை மாதிரி உழுதுகொண்டு போகும்.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பிளக்கை மாற்றினான், கடைசியில் எஞ்சினுக்கு வயசாகிவிட்டது என்று கையை விரித்தான். துறையில் வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்கள்: பெண்பிள்ளை கை, அவ்வளவுதான் வரும் என்று. அதைக் கேட்டபோதெல்லாம் ஊசிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நேரம் பார்த்து அக்கரை ஆஸ்பத்திரி, நோயாளிகளை ஏற்றிவர ஒரு படகு வேண்டும் என்றது. அதிகாரி வந்து ஓட்டிப் பார்ப்பார். அவர் கேட்கும் வேகம் வந்தால் வருஷம் முழுக்க வேலை, துறையில் நிரந்தர இடம். வராவிட்டால் அந்த இடமும் சேர்த்துப் புதுப் படகு வைத்திருக்கிற கொழுந்தனுக்குப் போய்விடும். அவன் அதற்குள் கிடைத்துவிட்ட மாதிரியே நடந்துகொண்டான்.

"அண்ணி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. என் படகுல டிக்கெட் கிழிக்க ஆள் வேணும், நீங்க வந்துடுங்க."

"டிக்கெட்டைக் கிழிக்கறதுக்கு முன்னாடி வேற எதையாவது கிழிச்சுடப் போறேன், தம்பி. தள்ளி நில்லு."

அன்று மத்தியானம் காற்று வலுத்தது. முன்பக்கம் தண்ணீர் தெறிக்கிறதென்று பயணிகள் எல்லாரும் எழுந்து பின்னால் வந்து அவளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். படகு பொசுக்கென்று மூக்கைத் தூக்கியது. தூக்கியது மட்டுமா, ஓடவும் ஓடியது. அதே எஞ்சின், அதே ஆட்கள், அதே பெண்பிள்ளை கை. ஊசிக்கு மண்டைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

கரை சேர்ந்ததும் முன்பக்கத் தரைப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தாள். அடியில் வரிசையாக மணல் மூட்டைகள், ஈரம் குடித்துக் கல்லாய்க் கிடந்தன. படகு வாங்கிய புதிதில் பீப்பாய் வைத்தவை. அவ்வளவு பெரிய உடம்பு பின்னால் உட்கார்ந்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அதை அமுக்கத்தான் மூட்டை. ஆள் வீட்டில் படுத்துவிட்டான், மூட்டை மட்டும் பாக்கி. இத்தனை நாளும் எல்லாரும் எஞ்சினையே குடைந்துகொண்டிருந்தார்களே தவிர, ஒருத்தருக்கும் பலகையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். பீப்பாய் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டான். அவன் முகம் இறுகிவிட்டது.

"மூட்டையில கை வைக்காதே. நாளைக்கு நான் வந்து உட்கார்ந்தா படகு கவிழும்."

"எப்போ வந்து உட்காரப் போறீங்க?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த மூட்டையை எடுத்தால் இவன் இனி வரமாட்டான் என்று துறை முழுக்கச் சொன்ன மாதிரி ஆகும். அது அவளுக்கும் தெரியாமல் இல்லை. பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் இனியும் ஊர்ந்துகொண்டேதானே இருக்கணும் என்று கோபமாகவும் இருந்தது.

"நீங்க வர்ற வரைக்கும் நான் காத்திருப்பேன். படகு காத்திருக்காது," என்றாள்.

மறுநாள் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டாள். அண்ணன் வைத்ததை எடுக்கிறீர்களே என்று கொழுந்தன் வந்து நின்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எஞ்சினைக் கழற்ற நாலு பேரைப் பிடித்து, படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டினாள். எஞ்சினுக்கு அடியில் விரல் கனத்துக்கு ஒரு பலகை கொடுத்து உயர்த்தினாள். தண்ணீரைத் தள்ளும் எஞ்சின் விசிறியின் இதழ்களில் நசுங்கிய விளிம்பை அரம் போட்டு ராவினாள். கை முழுக்க ரத்தம், வாய் முழுக்க வசவு.

அதிகாரி வந்தார், கூடவே ஒரு நர்ஸ். எஞ்சின் புகைக்குப் பயந்து இரண்டு பேரும் நேராக முன்பக்கம் போய் உட்காரப் பார்த்தார்கள். "சார், அங்கே வேண்டாம். நடுவுல," என்றாள் ஊசி. அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தார். அவள் முறுக்கினாள். படகு மூக்கைத் தூக்கி, தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டு பறந்தது. அதிகாரி கைபேசியில் வேகத்தைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார். தண்ணீர் நடுவே நிற்கும் விளக்குக் கம்பத்தைச் சுற்றித் திரும்புவதற்குள் அவர் தொப்பி போய்விட்டது. இவ்வளவு வேகம் தேவையில்லை என்றார் கரைக்கு வந்ததும். வேலை உனக்குத்தான் என்றும் சொன்னார். கொழுந்தன் அப்போதே எங்கோ அவசர வேலை இருப்பதாகப் போய்விட்டான்.

பீப்பாய் துறையில் நின்றுகொண்டிருந்தான். கம்பை ஊன்றிக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படி வந்தானோ. மூட்டைக் குவியலைப் பார்த்தான். படகருகே வந்து, பழக்கத்தில் பின்பக்கம் காலை வைத்தான்.

"நடுவுல உட்காருங்க."

"இது என் இடம்."

"இப்போ என் இடம்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு முனகிக்கொண்டே நடுப் பலகையில் போய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஊசி கயிற்றை அவிழ்த்துவிட்டு முறுக்கினாள். இத்தனை வருஷம் ஓட்டிய படகு இப்படி ஓடி அவன் பார்த்ததே இல்லை.

"மெதுவா... மெதுவாடி," என்று கத்தினான்.

ஊசி முறுக்கிய கையைத் தளர்த்தவில்லை.