எட்டு நாள் பால்

மிஸ்ரியாவின் நிக்காஹுக்குப் பதினொரு நாள் இருக்கும்போதுதான் அவள் அம்மா அமீனா பீவிக்கு அது உறைத்தது. மந்தாரக்குப்பத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்களுக்கு நடக்கும் மார்க்க வகுப்பு. யாரை யார் கட்டலாம், கட்டக்கூடாது என்று மார்க்கம் படித்த இளவயது ஆலிமா வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மாமன் மகளைக் கட்டலாம், மாமி மகனைக் கட்டலாம். பெண்கள் தலையாட்டினார்கள். பிறகு அவள் பால் உறவுக்கு வந்தாள்.

“பால் குடுத்தவங்க அந்தப் புள்ளைக்குத் தாய். அவங்க பெத்ததெல்லாம் அதுக்குக் கூடப்பொறந்ததுங்க.”

அமீனா கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கலைந்தபின், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டாள்.

“அந்த அம்மாவுக்குப் பொண்ணு நாலு வருஷம் கழிச்சிப் பொறந்துதுன்னா?”

“எப்பப் பொறந்தா என்னங்க? எத்தன தடவ குடுத்தாங்க?”

“எட்டு நாளு.”

ஆலிமா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “அப்பக் கேள்வியே இல்லீங்க. நிக்காஹ் ஆயிடுச்சா?”

அமீனா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் மொய்னுதீனின் தங்கை ருக்சார், பிரசவமான நாற்பதாம் நாள் மஞ்சள்காமாலை கண்டு கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குழந்தை அஷ்ஃபாக் இந்தச் சுரங்கக் குவார்ட்டர்ஸில், அமீனாவின் மடியில். புட்டியை வைத்தால் துப்பினான். அழுது அழுது உதடு நீலம் பாய்ந்தது. மூத்தவன் ஷரீபுக்கு அப்போது ஆறு மாதம். அவளுக்கு மார் நிறையப் பால். எடுத்துக் கொடுத்தாள். அதை ஒரு சங்கதியாகவே அவள் நினைத்ததில்லை. அந்த அஷ்ஃபாக்தான் இப்போது மாப்பிள்ளை. முறையும் சரி, மனசும் சரி என்று சொந்தமெல்லாம் சந்தோஷப்பட்ட சம்பந்தம்.

சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த மொய்னுதீனிடம் சொன்னாள். பிசைந்த கை நின்றது.

“ஆலிமாகிட்ட பேரு சொன்னியா?”

“இல்லங்க.”

“அப்ப இது இங்கயே முடிஞ்சிது. கார்டு குடுத்தாச்சி, ஜமாத்துல எழுதியாச்சி. நீ வாயத் தொறக்காத வரைக்கும் அவன் என் தங்கச்சி புள்ள. அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை ருக்சார் நெல்லிக்குப்பத்திலிருந்து கல்யாணப் புடவையோடு வந்தாள். மிஸ்ரியா அதைத் தோளில் போட்டுப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே போனாள். அவள் தலை மறைந்ததும் அமீனா மெல்ல ஆரம்பித்தாள்.

“ருக்சாரு, நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப அஷ்ஃபாக்க நான் வெச்சினு இருந்தேனே…”

ருக்சார் நிமிர்ந்து பார்த்தாள். “பவுடர் பால்தான மச்சி குடுத்தீங்க?”

“இல்லம்மா, அவன் புட்டியே…”

“பவுடர் பால்தான் குடுத்தீங்க.” இந்த முறை அது கேள்வியாக இல்லை. புடவைப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். “எங்க ஊர்லயும் க்ளாஸ் நடக்குது மச்சி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எம்புள்ள அவளத்தவிர வேற யாரையும் கட்டமாட்டேன்னுட்டான். நான் என்ன செய்ய?”

ஆக மூன்று பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர், கட்டிக்கொள்ளப் போகிறவர்கள். அன்றிலிருந்து அமீனாவால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் யார் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

சனிக்கிழமை பகலில் அஷ்ஃபாக் பண்ருட்டியிலிருந்து பைக்கில் வந்தான். “பசிக்குது மாமி” என்று உரிமையோடு உட்கார்ந்தான். ஒரு காலை மடித்து, ஷரீப் உட்காருவதுபோலவே. பாலுக்கும் ஜாடை உண்டா என்று நினைத்துக்கொண்டாள். தட்டை வைத்த கையோடு சொல்லிவிட்டாள். எட்டு நாளையும் சொன்னாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மாமாவுக்கு?”

தெரியும் என்று அவள் தலையசைத்தாள். “மிஸ்ரியாவுக்கு?” என்று கேட்டு நிமிர்ந்தான். உள்கதவோரம் மிஸ்ரியா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவன் சோற்றைத் தொடாமல் எழுந்தான். அவளைப் பார்க்கவும் முடியாமல், பெயர் சொல்லவும் முடியாமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் ஜமாத்துக்கு அவனே போன் செய்து நிக்காஹை நிறுத்தினான்.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஆசைப்பட்டு அமீனா கட்டிய கதை அது என்று ருக்சார் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். மொய்னுதீன் மறுக்கவில்லை. கேன்டீனிலேயே சாப்பிட்டார். வீட்டுக்கு வந்தால் மனைவியோடு பேச்சில்லை. மிஸ்ரியா அழவுமில்லை, கத்தவுமில்லை.

ஒரு வாரம் கழித்து மிஸ்ரியா, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“வேற யாருக்காச்சும் பால் குடுத்திருக்கியாம்மா?”

“இல்லடி. சத்தியமா இல்ல.”

“இதுவே உனக்கு இருவத்தேழு வருஷம் கழிச்சிதான தோணுச்சி?” மிஸ்ரியாவின் குரல் உயரவே இல்லை. “நல்லா நெனச்சிப் பாரு. நாளைக்கு எனக்கு எவனப் பாத்தாலும் உன்னத்தான் மொதல்ல கேப்பேன்.”

அமீனா மடித்த துணியையே திரும்ப உதறி மடித்தாள். அந்த வருஷங்களில் இந்தப் பிளாக்கில் எத்தனை தொட்டில்கள் ஆடின, எத்தனை பேர் வேலைக்குப் போகும்போது பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று நினைவு ஒவ்வொரு வாசலாகத் தட்டத் தொடங்கியது.