பீரோ யாருடையது?

ஆன்லைன் மொழி வகுப்பின் எட்டாவது நாளில் டீச்சர் கொடுத்த பயிற்சி சுலபமானதுதான். இருவர் இருவராகப் பிரிந்து, அடுத்தவர் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று புதிய மொழியில் கேட்க வேண்டும். ஏழு நிமிடம். தமிழ் கூடாது. யாருக்கு யார் ஜோடி என்பதைக் கம்ப்யூட்டர் முடிவுசெய்யும். டீச்சர் அதில் தலையிடுவதில்லை. தலையிட்டால் ஓரவஞ்சனை என்று புகார் வரும்.

ஒவ்வொரு ஜோடியையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், நான்காவது ஜோடியிடம் நின்றார். பஸ் டிரைவரும் மருந்துக்கடை அம்மாவும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவருக்கு வெளிநாட்டு வேலை, அந்த அம்மாவுக்கு வெளிநாட்டு மருமகள், அதற்காகச் சேர்ந்தவர்கள்.

"மைக் வேலை செய்யலையா?"

"செய்யுது டீச்சர்," என்றார் டிரைவர். "இவ என் தங்கச்சி."

"அப்ப வசதியாப் போச்சு. ஆரம்பிங்க."

"அம்மா போனதுலேர்ந்து நாங்க பேசிக்கறதில்ல," என்றாள் தங்கை. "ஆறு வருஷமாச்சு."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

தங்கை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தில் உள்ளபடியே புதிய மொழியில் கேட்டாள்.

"உங்கள் வீட்டில் பீரோ இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அது யாருடைய பீரோ?"

டிரைவர் பக்கத்தைப் புரட்டினார். அங்கே விடை இல்லை. "அம்மாவுடைய பீரோ," என்றார்.

தங்கை டீச்சரிடம் திரும்பினாள். "டீச்சர், 'எனக்குத் தர்றதா அம்மா சொல்லியிருந்தாங்க'ன்னு எப்படிச் சொல்றது?"

"இறந்தகாலம் பதினோராம் பாடத்துலதான் வரும். இப்போதைக்கு நிகழ்காலத்துலயே கேளுங்க."

கையிலிருந்த சொற்களை வைத்துக்கொண்டு ஆறு வருஷச் சண்டையில் ஒரு வரிகூடப் போட முடியவில்லை. "பீரோவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை. பீரோ பெரியது. அறை சிறியது. என் முழங்கால் தினமும் இடிக்கிறது."

தங்கை புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "எனக்கு பீரோ வேண்டும்," என்றாள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

"எடுத்துக்கொள்," என்றார் டிரைவர். அந்த வினைச்சொல்லை டீச்சர் இன்னும் நடத்தவில்லை. எங்கே கற்றாரோ.

ஏழு நிமிடம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டது.

அடுத்த வகுப்புக்கு இரண்டு பேருமே வரவில்லை. சாயங்காலம் தங்கையின் குரல் பதிவு ஒன்று டீச்சரின் போனுக்கு வந்தது.

"டீச்சர், பீரோ மாடிப்படி திருப்பத்துல மாட்டிக்கிச்சு. அண்ணன் மேல, நான் கீழ. தூக்கிவிட ஆள் வர மூணு மணி நேரம் ஆச்சு. சும்மா எவ்வளவு நேரம்தான் நிக்கறது? எல்லாத்தையும் பேசிட்டோம். தமிழ்லதான் டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க."